தம்பி, முதலில் விழக் கற்றுக்கொள்

விடியற்காலை ஐந்து மணிக்கே காரைக்கால் கடற்கரைச் சாலையில் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். நின்று மூச்சு வாங்கும்போது விசாரித்தால், "மிலிட்டரிக்குப் போகணும்க்கா" என்பார்கள். எந்தப் படை என்று கேட்டால் முழிப்பார்கள். எது முதலில் கூப்பிடுதோ அது என்பான் ஒருவன். என் தம்பியும் அப்படித்தான் சொன்னான். அவனுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

ஓடுவதற்கு முன்னால் சுவரோடு ஒட்டி நின்று உயரத்தை அளந்துகொள். ராணுவத்தில் ஜெனரல் டியூட்டிக்கு நம் பக்கத்துப் பையன்களுக்கு 166 செ.மீ. வேண்டும். கிளார்க் பிரிவுக்கு 162. கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் 157 போதும். என் தம்பி 163. ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி, ஒரு வருஷம் ராணுவ ஜெனரல் டியூட்டிக்கென்றே ஓடினான். அங்கே ஒருவர்கூட அவனை அளந்து பார்க்கவில்லை. வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு அளந்தது நான்தான். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அந்த ஒரு வருஷம் உனக்கும் வீணாகக் கூடாது.

அடுத்தது, எத்தனை வருஷ வேலை என்பது. 2022 ஜூனில் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்ததிலிருந்து தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் சிப்பாய் நிலையில் அக்னிவீராகச் சேர்பவர்களுக்கு முதலில் நான்கு வருஷம்தான். அதன்பிறகு 25 சதவீதம் பேர்வரை மட்டுமே நிரந்தரம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக, கையில் 21,000 வரும். நான்கு வருஷம் முடித்து வெளியே வரும்போது அரசின் பங்கும் வட்டியும் சேர்த்து சுமார் 11.71 லட்சம் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. இருபத்திரண்டு வயதில் அந்தப் பணத்தோடு வந்து என்ன செய்வாய் என்பதை இப்போதே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசு. நம் ஊரில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாக்கள் கடைசிவரை பென்ஷன் வாங்கியதைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள், பட்டாளம் என்றாலே ஆயுசுக்கும் பணம் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடலோரக் காவல் படை அக்னிபத்துக்குள் வராது. மற்ற மூன்றையும்விட இதைத்தான் நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். காரைக்காலிலேயே அதற்கு நிலையம் இருக்கிறது. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் பிறந்த பையனுக்கு அலையும் படகும் புதிதில்லை. நாவிக், அதாவது மாலுமி, ஜெனரல் டியூட்டிக்குப் பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். டொமஸ்டிக் பிராஞ்ச்சுக்குப் பத்தாவது போதும். உடல் தகுதியில் 1.6 கி.மீ. ஓட்டத்துக்கு 7 நிமிடம் தருகிறார்கள். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், கடற்படைக்கும் அப்படியே. அதனால் இயற்பியல் சொற்களை இப்போதே ஆங்கிலத்தில் படித்துப் பழகு. ராணுவத்தின் அக்னிவீர் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

ராணுவம்தான் வேண்டும் என்றால், காரைக்காலுக்குத் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகம். 1.6 கி.மீ.யை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்று 82 விநாடி என்று கணக்கு வைத்துக்கொள். மணலில் ஓடினால் கால் பலப்படும். நேரம் பார்க்க மட்டும் கெட்டித் தரையில் ஓடு. பத்து புல்-அப்புக்கு 40 மதிப்பெண். எந்த ரெஜிமென்ட் என்பது உன் கையில் இல்லை. பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் என்ஜினீயர் குரூப் கிடைத்தால், 1780-ல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள் என்பது உனக்குப் பிடிக்கும்.

தங்கச்சிகளுக்கும் வழி இருக்கிறது. கடற்படை 2022 முதல் பெண்களை அக்னிவீராக எடுக்கிறது. ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணி 2023 மார்ச் 28-ல் வெளியே வந்தது. ராணுவத்தில் ராணுவப் போலீஸ் பிரிவு. அதற்கு 162 செ.மீ. வேண்டும்.

கைகலப்புப் பயிற்சிக்கு வருகிறேன். "நான் டெக்னிக்கல், எனக்கெதுக்கு சண்டை?" என்று கேட்பவர்களுக்கு ஹவில்தார் பழனியைச் சொல்வேன். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். இருந்தது பீரங்கிப் படையில். தூரத்தில் இருக்கும் இலக்கைச் சுடுவதுதான் அந்தப் படையின் வேலை. ஆனால் 2020 ஜூன் 15 இரவு சீன எல்லையில் இருக்கும் கல்வானில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. எல்லைக் கோட்டுக்கு 2 கி.மீ.க்குள் சுடக்கூடாது என்று 1996-லேயே சீனாவோடு ஒப்பந்தம். கல்லும் தடியும் ஆணி அடித்த கட்டையுமாக, ஆளோடு ஆள் மோதல். அதில் உயிர் கொடுத்த இருபது பேரில் பழனியும் ஒருவர். அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். எந்தப் பிரிவுக்குப் போனாலும் இந்தப் பயிற்சியை ஏனோதானோ என்று செய்யாதே.

படையில் சேர்ந்த பிறகு அங்கே எல்லாம் சொல்லித் தருவார்கள். போவதற்கு முன் நீ பழக வேண்டியது ஒன்றுதான்: விழுவது. கல்லூரியில் ஜூடோ பழகியபோது எங்களுக்கு முதலில் வெறும் விழுதல்தான். தம்பிக்கு அரசலாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஈர மணலில் கற்றுக்கொடுத்தேன். குந்து. முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள். பின்மண்டை தரையில் படவே கூடாது. முதுகை வளைத்துப் பின்னால் உருள். முதுகு மண்ணைத் தொடும் அதே நொடியில் இரண்டு கையையும் உடம்புக்குச் சற்றுத் தள்ளி, உள்ளங்கை தட்டையாகப் பட, ஓங்கி அடி. மூச்சை வெளியே விடு. முதல் நாள் அவன் பயத்தில் கையைப் பின்னால் ஊன்றிவிட்டான். மணிக்கட்டு மாங்காய் மாதிரி வீங்கிப் பத்து நாள் கட்டுப் போட்டிருந்தான். இரண்டாம் வாரத்தில் நான் தள்ளினாலும் அவனுக்குத் தானாகவே முகவாய் உள்ளே போனது. குந்தி விழுவது கைவந்த பிறகுதான் நின்று விழ வேண்டும், அதுவும் மணலிலோ மெத்தையிலோ மட்டும்.

யாராவது மணிக்கட்டைப் பிடித்தால் சும்மா பின்னால் இழுக்காதே. பிடித்தவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமானது. உன் கையை அந்தப் பக்கமாகத் திருப்பி, முழங்கையை மடக்கி வெளியே எடு. என் கை சின்னது, தம்பியின் பிடி இரும்பு, அப்படியிருந்தும் கழன்றது.

உன் தெருவில் சிலம்பம் சொல்லித் தரும் ஆசான் இருந்தால் காலடி வரிசையை மட்டுமாவது கற்றுக்கொள். இரண்டு கையால் கம்பைப் பிடித்து, எதிராளிக்கும் உனக்கும் இடையே தூரத்தைக் காத்து நகரும் பழக்கம், பிறகு துப்பாக்கியில் பயனெட் மாட்டிப் பழகும்போது கைகொடுக்கும். கபடி ஆடுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. வீடியோவைப் பார்த்துக் கழுத்தை நெரிப்பது, தோளை முறுக்குவது போன்றவற்றைக் கூட்டாளிமேல் முயற்சி செய்ய வேண்டாம். தோள்மூட்டு அடிக்கடி கழலும் நிலைக்கு வந்துவிட்டால் மருத்துவத்தில் நிராகரித்துவிடுவார்கள், உன்னையும் சரி, அவனையும் சரி.

அந்த மருத்துவத்தில் சின்ன விஷயத்துக்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். காதில் அழுக்கு இருந்தால்கூட நிறுத்திவைப்பார்கள்; ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள். தட்டைப் பாதமா என்று பார்க்க, காலை நனைத்து சிமென்ட் தரையில் வைத்துப் பார். கையில் பச்சை குத்தும் ஆசையைத் தள்ளிப்போடு. இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவன் யாராக இருந்தாலும் அவனோடு பேச்சை நிறுத்து. குடியிருப்புச் சான்றிதழுக்குக் கடைசி வாரம் அலையாமல் இப்போதே தாலுகா ஆபீசில் எழுதிக்கொடு. திருச்சிக்கு முதல் நாளே ரயிலேறிவிடு. ராத்திரி இட்லியோ தயிர்சாதமோ போதும், பரோட்டா வேண்டாம்.