வாசிப்பிலிருந்து படைப்பிற்கு: தமிழகப் பொதுநூலகங்களும் கற்றல்வெளியும்

ஆய்வுச்சுருக்கம்

நூல்களைக் காத்து வழங்கும் இடமாக இருந்த பொதுநூலகம் இன்று படைப்பாக்கக் கற்றல்வெளியாக மாறி வருகிறது. இம்மாற்றத்தைத் தமிழக நூலக வரலாற்றின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. வாசகர் உருவாக்கியவை நூலக இருப்பில் இடம்பெறும்போதே இம்மாற்றம் முழுமையுறும் என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: பொதுநூலகம், கற்றல்வெளி, அரங்கநாதன், நூலக வரி, வட்டார ஆவணம்.

முன்னுரை

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர்களை நோக்கிப் புறப்பட்டது. கோட்பாடும் செயலும் ஒருங்கே தோன்றிய அவ்வாண்டு, வாசகரை மையமாகக் கொண்ட நூலகச் சிந்தனையின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது.

சட்டமும் உரிமையும்

1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுநூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். சொத்துவரியுடன் நூலக வரியையும் திரட்டும் முறையை அது ஏற்படுத்தியது. ஊர்மக்களின் வரியால் இயங்குவதால் நூலகத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு. எனினும் அவ்வுரிமை நடைமுறையில் நூலை இரவல் பெறுவதோடும் நாளிதழ் வாசிப்பதோடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

புதிய வெளிகள்

2010இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் சிறுவர் பகுதி, பிரெயில் பகுதி, சொந்த நூல் வாசிப்புப் பகுதி ஆகியவற்றைக் கொண்டது. 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிறுவர்க்குத் தனியிடம் அளித்துள்ளது. இவற்றுள் சொந்த நூல் வாசிப்புப் பகுதி தனித்து நோக்கத்தக்கது. அங்கு வருவோர் நூலகத்தின் நூலை நாடி வருவதில்லை. அமைதியையும் இருக்கையையும் உடன் பயில்வோரின் அண்மையையும் நாடி வருகின்றனர். நூலகம் என்பது நூல்களின் தொகுதி மட்டுமன்று, கற்றலுக்குரிய வெளியும் ஆகும் என்பதை வாசகரே உணர்த்திவிட்டனர்.

ஆயினும் இவ்வெளி பெரிதும் போட்டித்தேர்வுப் பயிற்சிக்கே பயன்படுமாயின் அதனைப் படைப்பாக்க வெளி எனல் பொருந்தாது. தேர்வுக்குப் பயில்வோரின் தேவை மறுக்கத்தக்கதன்று. வீட்டில் தனியறை இல்லாதோர்க்கு நூலகமே புகலிடம். அத்தேவையை நிறைவு செய்வதோடு நூலகத்தின் கடமை முடிந்துவிடுமா என்பதே வினா.

வாசகர் படைப்பும் நூலக இருப்பும்

நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாம் விதியின் கருத்து. நூல், வாசகர், பணியாளர் ஆகிய மூன்றன் வளர்ச்சியையும் அரங்கநாதன் அதனுள் அடக்கினார். வாசகரின் ஆக்கத்தை நான்காவதாகச் சேர்க்க வேண்டிய காலம் இது.

இதற்குத் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. கல்விப்புலம் சாராத கி. ராஜநாராயணன் நண்பர்களின் துணையுடன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். கூட்டாக உழைத்தால் மக்கள் தம் மொழியைத் தாமே ஆவணப்படுத்த இயலும் என்பதற்கு அது சான்று. அத்தகைய பணிக்குக் கிளை நூலகத்தினும் ஏற்ற களம் வேறில்லை. பாட்டியிடம் கேட்ட தாலாட்டு, ஏரியின் மதகுகளுக்கு வழங்கும் பெயர்கள், மறைந்துவரும் தொழிற்சொற்கள் ஆகியவற்றை ஊர்ச்சிறார் தொகுக்கலாம். அக்கையேட்டுக்குப் பகுப்பெண் இட்டுப் பட்டியலில் சேர்த்து அடுக்கில் வைத்தால், தொகுத்த சிறுவர் அன்றே நூலாசிரியராகிறார். ஊரின் மொழியும் காக்கப்படுகிறது.

முடிவுரை

பெருநகர நூலகங்களின் கட்டட வளர்ச்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் படைப்பாக்கக் கற்றல் கட்டடத்தாலோ கருவிகளாலோ மட்டும் அமைவதன்று. வாசகரின் ஆக்கத்தை நூலகம் ஏற்கும் முறையால் அமைவது. கிளை நூலகங்களில் வட்டார ஆவணப் பகுதியை ஏற்படுத்துவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஓர் அடுக்கும் ஒரு பதிவேடும் ஆர்வமுள்ள நூலகரும் போதும். தமிழாய்வாளர்கள் இப்பணியில் இணைவார்களாயின், களஆய்வுக்குச் செல்லும் ஊரிலிருந்து தரவுகளைப் பெற்றுத் திரும்புவதோடு நில்லாமல், அவ்வூர் நூலகத்திலேயே அவற்றை விட்டுவரவும் வழி பிறக்கும்.