11 மாச வாடகை வீட்டுக்கு 13 மாச நெட் பிளான் எதுக்கு?

புது வேலை, புது வீடு. பால் காய்ச்சின கையோட அடுத்த வேலை வைஃபை போடுறதுதான். போன் பண்ணினா வர்ற முதல் பதில்: "சார், வருஷத்துக்கு மொத்தமா கட்டிடுங்க. இன்ஸ்டலேஷன் ஃப்ரீ, ஒரு மாசமும் ஃப்ரீ."

நானும் சென்னையில முதல் வேலையில இருந்தப்போ இதுக்குத்தான் தலையாட்டினேன். எட்டாவது மாசம் ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னாரு. புது வீடு நாலு கிலோமீட்டர்தான் தள்ளி. "அந்தத் தெருவுல நம்ம லைன் இல்லையே சார்"னு நெட் கம்பெனியில சொன்னாங்க. மீதிப் பணம்? ரசீதுக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருந்தது, "பணம் திரும்பத் தரப்படாது"னு. கணக்குப் படிச்சவன் நானே அதைப் படிக்கலை. நீங்க படிச்சிடணும்னுதான் இந்தப் பதிவு.

முதல்ல நிஜ விலை என்னன்னு பாருங்க

விளம்பரத்துல இருக்கிற விலையோட 18% ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய் பிளான் கைக்கு வரும்போது 589 ரூபாய். 799 ரூபாய் பிளான் 943 ரூபாய். இந்த ரெண்டுக்கும் வருஷத்துக்கு வித்தியாசம் சுமார் 4,250 ரூபாய்.

அந்த அதிக ஸ்பீடு உங்களுக்குத் தேவையா? பிளான்ல போட்டிருக்கிற எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லீங்க!) மெகாபிட் கணக்கு. 8-ஆல வகுத்தாதான் மெகாபைட் கிடைக்கும். 40 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 5 மெகாபைட். ஃபுல் ஹெச்டி படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறதே 5 எம்பிபிஎஸ்தான், 4கே-வுக்கு 15. ரெண்டு பேர் ஆபீஸ் மீட்டிங்ல இருக்க, ஒருத்தர் படம் பார்க்கிற வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் தாராளம். பெட்ரூம்ல சிக்னல் வரலைன்னா அது பெரும்பாலும் ரூட்டர் வச்ச இடத்தோட பிரச்சினை. பெரிய பிளானுக்கு மாறினா அது சரியாகாது.

இப்போ அந்த "ஒரு மாசம் ஃப்ரீ" கணக்கு

ஒரு உதாரணம். பிளான் 799 ரூபாய். மாசாமாசம் கட்டினா இன்ஸ்டலேஷன் 1,000 ரூபாய். வருஷத்துக்குக் கட்டினா இன்ஸ்டலேஷன் இல்லை, 13 மாசம் கிடைக்கும். ஜிஎஸ்டி சேர்த்து வருஷ பிளான் 11,314 ரூபாய்.

நீங்க அந்த வீட்டுல எத்தனை மாசம் இருந்தா என்ன ஆகும்?

- 8 மாசம்: மாசக் கட்டணத்துல 8,723 ஆகியிருக்கும். வருஷ பிளான்ல 2,591 நஷ்டம்.
- 10 மாசம்: 10,608 ஆகியிருக்கும். 706 நஷ்டம்.
- 11 மாசம்: 11,551 ஆகியிருக்கும். லாபம் 237.
- 13 மாசம்: 13,437 ஆகியிருக்கும். லாபம் 2,123.

கவனிச்சீங்களா? 11-வது மாசம் வரைக்கும் லாபமே கிடையாது. நம்ம ஊர்ல வாடகை ஒப்பந்தம் பொதுவா எத்தனை மாசத்துக்குப் போடுறோம்? அதே 11 மாசம்! நிஜமான லாபம் வர்றதே ஒப்பந்தம் முடிஞ்ச பிறகுதான்.

அதனால என் ரூல் இதுதான்: வாடகை ஒப்பந்தத்துல மீதி இருக்கிற மாசத்தைவிட நீளமான நெட் பிளான் எடுக்காதீங்க. சொந்த வீடு, இல்லைன்னா அப்பா அம்மா வீடுன்னா வருஷ பிளான் நல்ல டீல்தான். வாடகை வீடு, புரொபேஷன்ல இருக்கிற வேலை, எப்போ வேணா டிரான்ஸ்ஃபர் வரலாம்னா மாசம் அல்லது மூணு மாசம் போதும். கூடுதலா போற இன்ஸ்டலேஷன் காசை இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைச்சுக்கோங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

1. பக்கத்து வீட்டுல எந்த கனெக்‌ஷன், ராத்திரி 8 மணிக்கு மேல எப்படி ஓடுது? கேபிள் அண்ணன் கொடுக்கிற லைன்னா, கட் ஆனா எத்தனை மணி நேரத்துல வருவாரு?
2. ரூட்டர் இலவசமா, விலைக்கா, டெபாசிட்டா? டெபாசிட்னா ரசீதுல அப்படியே எழுதி வாங்குங்க.
3. "அன்லிமிடெட்"னா எவ்வளவு? பல பிளான்கள்ல மாசத்துக்கு 3,300 ஜிபி வரைதான் முழு ஸ்பீடு. வீட்டு உபயோகத்துக்கு அது ரொம்பவே அதிகம். லோக்கல் பிளான்கள்ல இந்த அளவு குறைவா இருக்கலாம், கேளுங்க.
4. வீடு மாறினா ஷிஃப்டிங் கட்டணம் எவ்வளவு? புது ஏரியாவுல லைன் இல்லைன்னா மீதிப் பணம் வருமா? வாய் வார்த்தை வேண்டாம், வாட்ஸ்அப்லயாவது பதில் வாங்கி வைங்க.

சுவத்துல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இல்லைன்னா அட்வான்ஸ்ல கழிச்சிடுவாங்க.

பில் யார் பேர்ல?

ஆபீஸ்ல இன்டர்நெட் செலவைத் திரும்பத் தர்றாங்கன்னா பில் உங்க பேர்ல இருக்கணும். பில் கேட்காம சம்பளத்தோட மாசாமாசம் நிலையா வர்ற அலவன்ஸ் வரிக்கு உட்பட்ட வருமானம். பில் காட்டி வாங்குறதை பேரோல்ல எப்படிக் காட்டுறாங்கன்னு எச்ஆர்கிட்ட கேட்டுக்கோங்க.

வீட்டுல இருந்தே சின்ன பிசினஸ் பண்றவங்க, ஜிஎஸ்டி பதிவு இருந்தா அந்த நம்பரை கனெக்‌ஷன் எடுக்கும்போதே கொடுத்துடுங்க. பில்லுல அது இருந்தாதான், தொழிலுக்குப் பயன்படுத்தின பங்குக்கு 18% வரியை இன்புட் கிரெடிட்டா எடுக்க முடியும். காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவங்களுக்கு இந்த கிரெடிட் கிடையாது.

காலி பண்ணும்போது

போஸ்ட்பெய்டு கனெக்‌ஷன்ல பணம் கட்டாம விட்டா மூடினதா அர்த்தம் இல்லை, பில் ஏறிக்கிட்டே இருக்கும். மூடச் சொல்லி எழுத்துல கொடுங்க. ரூட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்க. டெபாசிட் வரலைன்னா முதல்ல கஸ்டமர் கேர்ல புகார் எண் வாங்குங்க. சரியாகலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போங்க. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கு.

இன்னிக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வாடகை ஒப்பந்தத்தையும் நெட் ரசீதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டும் முடியுற தேதியைப் பாருங்க. எது முதல்ல முடியுது? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.