அகதிகள் வருகையும் ஐரோப்பாவின் கோபமும்

கேள்வி: அகதிகள் திரளாக வந்தால், ஐரோப்பிய மக்களின் கோபம் ஏன் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீது திரும்புகிறது?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சரியான இடத்தைத் தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். வருவோர் தொகை கூடக் கூட வெறுப்பும் கூடும் என்பதுதான் பரவலான எண்ணம். கணக்கு அப்படி ஒத்துவரவில்லை. 2015இல் கிரீஸுக்குக் கடல்வழியே வந்தவர்கள் எட்டரை லட்சம் பேர். அதே ஆண்டு ஸ்லோவாக்கியாவில் தஞ்சம் கோரியவர்கள் சில நூறு பேர்தான். ஆனாலும் அகதிகளைப் பங்கிடும் முடிவை எதிர்த்து ஒன்றியத்தின் மீது வழக்குப் போட்டது ஸ்லோவாக்கியா. 2022இல் உக்ரைனிலிருந்து சுமார் 40 லட்சம் பேர் வந்தபோதோ, பெரும்பாலான ஐரோப்பியர்கள் கதவைத் திறந்துவைத்தார்கள்.

அப்படியானால் கோபத்துக்குக் காரணம்? யார் பொறுப்பு, யார் முடிவெடுப்பது என்ற இரண்டும்தான்.

முதலாவது, டப்ளின் விதி. அகதி முதலில் காலடி வைக்கும் நாடே பெரும்பாலும் அவருடைய மனுவை விசாரிக்க வேண்டும் என்றது அது. துருக்கிக் கரைக்கு எதிரே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது கிரீஸின் லெஸ்போஸ் தீவு. ரப்பர் படகுகளில் பல அங்கேதான் ஒதுங்கின. 'ஐரோப்பாவின் சுமையை நாங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?' என்றார்கள் தீவு மக்கள்.

இரண்டாவது, ஒதுக்கீடு. 2015 செப்டம்பரில், 1,20,000 பேரை நாடுகளுக்குப் பங்கிட்டுத் தருவது என்று ஒன்றியம் பெரும்பான்மை ஓட்டில் முடிவு செய்தது. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக், ருமேனியா ஆகிய நான்கும் எதிர்த்தன. 'எங்கள் ஊரில் யார் குடியேறுவது என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் எப்படிச் சொல்லலாம்?' என்ற கேள்வி அங்கே எழுந்தது.

ஆக, தெற்கே ஒன்றியம் போதுமான அளவு தலையிடவில்லை என்ற குறை. கிழக்கே அளவுக்கு மீறித் தலையிட்டது என்ற குறை. இரண்டும் போய் நின்றது ஒரே வாசலில்.

நேரில் பழகுவதும் கருத்தை மாற்றுகிறது. 2015இல் மேல் ஆஸ்திரியா மாநிலத் தேர்தலில், அகதிகளைத் தங்கவைத்த ஊர்களில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிக்கு மற்ற ஊர்களைவிட ஓட்டுக் குறைவு. கூட்டம் கடந்துபோவதை மட்டுமே பார்த்த எல்லையோர ஊர்களிலோ அதிகம்.

உக்ரைனியர் விஷயத்தில் அண்டை நாட்டார் என்ற நெருக்கம் இருந்தது உண்மை. அதோடு, 'தற்காலிகப் பாதுகாப்பு' என்ற ஏற்பாடும் இருந்தது. தனித்தனி விசாரணை இல்லாமல், விரும்பிய நாட்டில் தங்க அது அனுமதித்தது. பங்கீட்டுச் சண்டைக்கே இடமில்லாமல் போனது.

ஒன்றியத்தின் 'யூரோபாரோமீட்டர்' கருத்துக்கணிப்புகளிலும், பொதுவான குடியேற்றக் கொள்கை வேண்டும் என்போரே பெரும்பான்மை. மக்கள் வெறுப்பது ஒன்றுபடுவதை அல்ல, நியாயமில்லாத பங்கீட்டை. அதைச் சீர்செய்தால், அகதிக்கும் மரியாதை கிடைக்கும். ஒன்றியத்தின் மீதும் நம்பிக்கை நிலைக்கும்.