விடைக்கு முன்னால் ஊகம்

அன்புள்ள கயல்விழிக்கு,

அட்டவணையில் எண்கள் இருக்கும்போது என்ட்ரோபி கூடுமா குறையுமா என்று முன்கூட்டியே ஊகிப்பது வீண் வேலை என்கிறாய். கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும், உண்மைதான். ஆனால் வந்த விடை சரிதானா என்பதை அந்தக் கழித்தலே சொல்லாது. அதைச் சொல்ல, கணக்குக்கு வெளியே நிற்கிற ஒரு சாட்சி வேண்டும்.

அம்மோனியாத் தயாரிப்பைப் பார். ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா ஆகின்றன. நான்கு மோல் வாயு இரண்டாகக் குறைவதால் என்ட்ரோபியும் குறைய வேண்டும். 298 கெல்வினில் திட்ட என்ட்ரோபி, மோலுக்கு, நைட்ரஜனுக்கு 191.6, ஹைட்ரஜனுக்கு 130.7, அம்மோனியாவுக்கு 192.8 ஜூல்/கெல்வின். வினைவிளை பொருள் 385.6, வினைபடு பொருள்கள் 583.7, மாற்றம் −198.1. உருவாதல் என்தால்பிக் கணக்குப் போட்ட பழக்கத்தில் தனிமங்களுக்குப் பூஜ்ஜியம் எழுதிவிட்டாய் என்று வைத்துக்கொள். விடை +385.6 ஆகிவிடும். ஊகித்து வைத்தவள் அங்கேயே நிற்பாள். மூன்றாம் விதிப்படி தனிச்சுழி வெப்பநிலையில் குறையற்ற படிகத்துக்குத்தான் என்ட்ரோபி பூஜ்ஜியம். 298 கெல்வினில் தனிமங்களுக்கும் அது உண்டு.

"கெழுக்களால் பெருக்க மறந்தால் −129.5 வரும். குறி சரியாக இருப்பதால் ஊகம் அந்தப் பிழையைப் பிடிக்காதே?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அதனால்தான் குறியோடு அளவையும் ஊகிக்கச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் சிதைந்து ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும்போது மாற்றம் ஏறத்தாழ +160. இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் திரவ நீராகும்போது மூன்று மோல் வாயு மறைந்து ஏறத்தாழ −327. ஆக, கூடினாலும் குறைந்தாலும் இவற்றில் ஒரு மோல் வாயுவுக்கு நூறுக்கு மேல். அம்மோனியாவில் அது அறுபத்தைந்தாக வந்தால் பெருக்கலைத் திரும்பப் பார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் நைட்ரிக் ஆக்சைடு ஆவதுபோல வாயு மோல்கள் மாறாத வினையில் சிறிய எண்ணை எதிர்பார், அங்கே +25தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஊகமே பொய்த்துவிட்டால்? நீற்றுச் சுண்ணாம்பு நீரில் கரைகிறது. ஒரு திண்மம் மூன்று அயனிகளாகப் பிரிந்து பரவுகிறது. யாராக இருந்தாலும் கூட்டல் குறிதான் போடுவார்கள். கணக்கோ ஏறத்தாழ −158 என்கிறது. இம்முறை தவறியது ஊகம்தான். ஆனால் அந்தத் தவறுதான் நீர் மூலக்கூறுகளின் பக்கம் நம்மைத் திருப்புகிறது. இரட்டை மின்சுமை கொண்ட கால்சியம் அயனி, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இழுத்து ஒழுங்குபடுத்தி வைக்கிறது; அயனிகள் பரவியதில் கிடைத்ததைவிட நீர் இழந்தது அதிகம். கரையும்போது வெப்பம் வெளிப்பட்டும், நீற்றுச் சுண்ணாம்பு லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாததற்கு இந்த இழப்புதான் காரணம். ஊகிக்காமல் போட்டிருந்தால் −158 வெறும் எண்ணாகக் கடந்து போயிருக்கும்.

எனவே ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் குறி, தோராய அளவு, காரணம் மூன்றையும் ஒரே வரியில் எழுது. பிறகு அட்டவணையைத் திற. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஊகத்தை அழித்துத் திருத்தாதே; பிழை கணக்கிலா காரணத்திலா என்று தேடு. கணக்கு சரியாக இருந்தும் ஊகம் பொய்த்தவற்றை மட்டும் தனியாகக் குறித்து எனக்கு அனுப்பு. அவற்றைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா