பழைய லென்ஸும் புதிய கேமராவும்: ஒலக்கூர் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஒலக்கூர் வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா ஸ்டுடியோவை மூடிய பிறகு பீரோவிலேயே இருக்கும் பொருள்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்: ஜெனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ், நிக்கானின் பழைய 105 மி.மீ. எஃப்/2.5, ஒரு யாஷிகா மேட். கல்யாண வேலைக்கு உங்களிடம் நிக்கான் டி7000 பாடியும் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸும் இருக்கின்றன. இப்போது மிரர்லெஸ் வாங்க நினைக்கிறீர்கள். "பழசையெல்லாம் தள்ளிவிடு" என்று ஒருவரும், "அடாப்டர் போட்டால் எல்லாம் ஓடும்" என்று இன்னொருவரும் சொல்வதால் குழம்பிப்போயிருக்கிறீர்கள். இரண்டு பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லென்ஸ் பாடியில் மாட்டுகிறதா என்பது ஒரு கேள்வி. மாட்டிய பிறகு அது என்னென்ன வேலை செய்யும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் கேள்விக்கு விடை ஒரு அளவில் இருக்கிறது. லென்ஸ் வந்து உட்காரும் மவுண்டின் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் அது. ஒவ்வொரு மவுண்டுக்கும் அது மாறாத அளவு. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ., ஹீலியோஸின் எம்42 திருகு மவுண்டுக்கு 45.46, கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44. நடுவில் கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு தூரம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால் தூரமும் சுருங்கிவிட்டது: நிக்கான் இசட் 16 மி.மீ., சோனி இ 18, கேனான் ஆர்எஃப் 20. பழைய தூரத்துக்கும் புதிய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் சாதாரண அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. படத்தின் தரத்தை அது கெடுக்காது.

உங்கள் ஹீலியோஸ் டி7000-இல் ஏன் சரிப்படவில்லை என்பதற்கும் இதுவே காரணம். லென்ஸ் கேட்பது 45.46, பாடியிலேயே 46.5 இருக்கிறது. ஏறக்குறைய 1 மி.மீ. அதிகம். 58 மி.மீ. லென்ஸுக்கு அந்த 1 மி.மீ. போதும்: சுமார் 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை எடுக்கலாம். மயிலம் மலைக்கோயிலை அடிவாரத்தில் நின்று எடுத்தால் மங்கலாகத்தான் வரும். அதே லென்ஸை நிக்கான் இசட் பாடியில் அடாப்டரோடு மாட்டுங்கள். மலையும் தெளியும், மனிதரும் தெளிவார்.

இரண்டாவது கேள்விதான் பலரின் பணத்தைக் கரைக்கிறது. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டின் வடிவத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் மாற்றவில்லை. ஆனால் உள்ளே நடக்கும் வேலைகள் மாறிக்கொண்டே வந்தன. 1977-இல், லென்ஸின் அபெர்ச்சர் வளையம் நிற்கும் நிலையைப் பாடிக்குத் தெரிவிக்கும் ஏஐ முறை வந்தது. 1986-இல் எஃப்-501 பாடியோடு, பாடிக்குள் இருக்கும் மோட்டார் லென்ஸைத் திருகும் ஆட்டோஃபோகஸ் வந்தது. பிறகு மோட்டார் லென்ஸுக்குள்ளேயே போனது. 2006-இல் வந்த டி40 பாடியில் திருகும் மோட்டாரே இல்லை. மவுண்ட் ஒன்றுதான்; ஆனால் எந்த லென்ஸ் எந்தப் பாடியில் எதைச் செய்யும் என்று தனித்தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேனான் வேறு வழியில் போனது. 1987-இல் பழைய எஃப்டி மவுண்டை அடியோடு கைவிட்டு, எல்லாக் கட்டளையும் மின்சாரம் வழியே போகும் இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் அன்று நடுத்தெருவில் விடப்பட்டார்கள். ஆனால் 1987-இல் வாங்கிய இஎஃப் லென்ஸ்கூட இன்று கேனானின் அடாப்டரோடு ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸ் உட்பட வேலை செய்கிறது. மவுண்டை மாற்றாமல் காத்த நிக்கானின் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

உங்கள் 50 மி.மீ. எஃப்/1.8டி அந்த வகைதான். டி7000-இல் திருகும் மோட்டார் இருப்பதால் அங்கே ஆட்டோஃபோகஸ் ஓடுகிறது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. இசட் பாடியில் அபெர்ச்சரும் எக்ஸ்போஷரும் வேலை செய்யும். ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். ஆகவே டி7000-ஐ விற்காதீர்கள். தாலி கட்டும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. அங்கே ஆட்டோஃபோகஸ் கட்டாயம் வேண்டும்.

105 மி.மீ. லென்ஸில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது ஏஐ முறைக்கு முந்தியது. அதை டி7000-இல் மாட்டிப் பார்க்கவே கூடாது. பாடியின் விளிம்பில் உள்ள சிறு நெம்புகோல் உடைந்துவிடலாம். எஃப்டிஇசட் அடாப்டரிலும் வேண்டாம். எஃப் மவுண்டை இசட் மவுண்டாக்கும் சாதாரணக் குழாய் அடாப்டர் போதும். அபெர்ச்சரை லென்ஸின் வளையத்திலேயே வைத்துக்கொள்ளலாம். 1984-இல் ஸ்டீவ் மெக்கர்ரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் இதே 105 மி.மீ. எஃப்/2.5 வரிசையில் பின்னால் வந்த லென்ஸில் எடுத்தது. முகத்தை எடுக்க அதைவிட நல்ல லென்ஸைத் தேடி அலைய வேண்டியதில்லை.

யாஷிகா மேட்டின் லென்ஸ் பாடியோடு சேர்ந்தது, கழற்ற முயலாதீர்கள். 120 ஃபிலிம் போட்டு அப்படியே பயன்படுத்துங்கள்.

வாங்கும்போது சென்சாரின் அளவைக் கவனியுங்கள். சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 58 மி.மீ. லென்ஸ் 87 மி.மீ. போல நெருங்கிப் பார்க்கும். அப்பாவின் லென்ஸ்கள் அப்பா பார்த்தபடியே பார்க்க வேண்டுமானால் ஃபுல் ஃப்ரேம் வாங்குங்கள். நிக்கான் இசட்5 போன்ற பாடியில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் சாதாரண அடாப்டரில் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று பாடிக்குத் தெரியாது. மெனுவில் 58 அல்லது 105 என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சில கம்பெனிப் பாடிகளில், லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் விழும்படி அமைப்பை மாற்றினால்தான் படமே எடுக்கும். ஃபோகஸுக்கு வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆடாமல் அசையாமல் கிடக்கும் திருவக்கரை கல்மரங்களிடம் போய்ப் பழகுங்கள். கை பழகிய பிறகு மனிதர்களிடம் வாருங்கள்.

அடாப்டருக்குப் பணம் கட்டுமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் மரக்காணம் பக்கத்துக் கடல் காற்றும் ஃபங்கஸ் வளர வசதியானவை. நூல் போல வலை பின்னியிருந்தால் சென்னையில் லென்ஸ் கழற்றிச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள், நீங்களே திறக்காதீர்கள். இலேசான ஃபங்கஸ் படத்தைப் பெரிதாகப் பாதிக்காது. கண்ணாடியின் பூச்சையே அரித்திருந்தால் செலவு வீண். தோல் உறையில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

என் முடிவு இதுதான். வேகம் வேண்டிய கல்யாண வேலைக்குக் காலப்போக்கில் புதிய இசட் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதுவரை டி7000 உழைக்கட்டும். ஹீலியோஸையும் 105-ஐயும் காயலான் கடைக்கோ, அடிமாட்டு விலைக்கோ கொடுக்காதீர்கள். இரண்டு சாதாரண அடாப்டர் வாங்கி, முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து எடுங்கள். எடுத்த படத்தில் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்