பரு ஆறிவிடும், தழும்பு தங்கிவிடும்

“வயதுக் கோளாறு, தானாகவே சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம்.” எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் பலரும் கூறுவது இது. இதில் பாதி உண்மை உண்டு. பெரும்பாலோர்க்கு வயது ஏற ஏறப் பருக்கள் தணிந்துவிடுகின்றன. ஆனால், அவை விட்டுச்செல்லும் பள்ளங்கள் தாமாக நிரம்புவதில்லை. காத்திருந்த காலத்தில் இழந்ததை முழுமையாக மீட்டுத்தரும் மருத்துவம் இன்றும் இல்லை.

தழும்பு எவ்வாறு உண்டாகிறது?

பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் மயிர்க்காலை ஒட்டியுள்ள சுரப்பிகள் எண்ணெயை மிகுதியாகச் சுரக்கின்றன. உதிரும் தோல் செல்கள் அவ்வெண்ணெயுடன் கலந்து துளையை அடைக்கின்றன. அடைப்புக்குள் கிருமிகள் பெருகும்போது அழற்சி ஏற்பட்டு, பரு சிவந்து வீங்குகிறது. அழற்சி ஆழத்தில் பரவினால், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் சிதைகின்றன. ஆறும்போது கொலாஜன் குறைவாக உருவானால் பள்ளமும், மிகையாக உருவானால் மேடான தழும்பும் உண்டாகும். மேடான தழும்புகள் தாடை, மார்பு, தோள், முதுகு ஆகிய இடங்களில் மிகுதி. அழற்சி நீடிக்கும் காலம் கூடக்கூடத் தழும்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. விரைந்த சிகிச்சையை நாங்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

கறையா, தழும்பா?

பரு ஆறிய இடத்தில் தோல் சமமாக இருந்து நிறம் மட்டும் கறுத்திருந்தால் அது கறை. சில மாதங்களில் மெல்ல மங்கும். விரலால் தடவும்போது பள்ளமோ மேடோ தென்பட்டால் அது தழும்பு. கறைக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் அது மேலும் கறுக்கும். ஆதலால், பகலில் வெயில் தடுப்புக் களிம்பு பூசுதல் நன்று.

சிகிச்சை முறை

தொடக்க நிலையில் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு மருந்துகளே பலருக்குப் போதுமானவை. அடாபலீனை இரவில், கழுவி உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிதாகப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது பயன் தராது. முதல் சில வாரங்களில் வறட்சியும் எரிச்சலும் தோன்றலாம். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, ஈரப்பதம் காக்கும் களிம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். தலையணை உறையில் கவனம் தேவை.

பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்று மருந்தை நிறுத்திவிடுவோரே பெரும்பாலும் தழும்புடன் திரும்பி வருகின்றனர்.

ஆழமான பருக்களுக்கு உட்கொள்ளும் மருந்துகள் தேவைப்படும். அவற்றுள் ஐசோட்ரெடினாயின் கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊறு விளைவிப்பது. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி அதை எவரும் உட்கொள்ளலாகாது. கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் எந்தப் பரு மருந்தைத் தொடங்குமுன்னும் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் அழற்சியை ஆழத்திற்குத் தள்ளும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். தலை எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே துளைகள் அடைபடலாம். யாவற்றினும் கேடானது, மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த “சிவப்பழகு” களிம்பு. முதலில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். பின்னர்ப் பருக்கள் பெருகும், தோலும் மெலியும்.

எப்போது வர வேண்டும்?

வலியுள்ள கட்டிகள் தோன்றினாலும், ஒரு பள்ளமேனும் தெரிந்தாலும், பெற்றோர்க்கோ உடன்பிறந்தோர்க்கோ பருத்தழும்பு இருந்தாலும் காத்திராமல் வருக. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்றி, முகத்தில் முடியும் மிகுந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். பிள்ளை கண்ணாடியையும் உறவினர் கூட்டத்தையும் தவிர்க்கத் தொடங்கினால், பருக்கள் சிலவே ஆயினும் அதுவே போதிய காரணம்.

முன்னரே தழும்பு உள்ளோர் மனந்தளர வேண்டா. லேசர், நுண்ணூசி முதலிய முறைகளால் அதன் ஆழத்தைக் குறைக்க இயலும். எனினும், புதிய பருக்களை அடக்கிய பின்னரே அச்சிகிச்சையைத் தொடங்குவோம். எந்நிலையில் வந்தாலும், முதல் வேலை இன்றுள்ள பருவை ஆற்றுவதே.