ஜீப் ஸ்டியரிங் உதறுகிறதா? டேம்பர் வாங்கும் முன் பாருங்கள்

பெண்ணாடம், திட்டக்குடி, தொழுதூர் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் பட்டறையில் வந்து சொல்லும் புகார் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். "ஊருக்குள்ள நல்லாத்தான் போகுது. மெயின் ரோட்டுல ஒரு பள்ளம் வந்தா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. வண்டியை நிறுத்தினாத்தான் அடங்குது." மெக்கானிக்குகள் இதை 'வாப்ளிங்' என்பார்கள். முதல் முறை அனுபவிப்பவருக்குச் சக்கரமே கழன்று ஓடப்போகிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் சரிசெய்யாமல் ஓட்டக்கூடிய கோளாறு அல்ல இது.

ஓடும்போது உதறத் தொடங்கினால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். கட்டைவிரல்களைக் கம்பிகளுக்கு வெளியே வைத்து உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தால் கம்பி அடித்து விரல் பிசகும். ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கை மெல்ல, சீராக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்குங்கள். வேகம் குறைந்ததும் உதறல் தானாக அடங்கும். வேகத்தைக் கூட்டி அதைத் தாண்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இது ஏன் நடக்கிறது? பழைய ஜீப்பிலும் மாருதி ஜிப்சியிலும் இரு முன்சக்கரங்களும் ஒரே திட ஆக்ஸிலில் பூட்டப்பட்டவை. சுருள்வில் வைத்து வந்திருக்கும் ஜிம்னியிலும் முன்னால் அதே திட ஆக்ஸில்தான். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முழுவதும் சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது திரும்பப் பார்க்கும். திருப்பினால் சாயப் பார்க்கும். இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் அந்த அசைவு ஓரிரு முறையில் செத்துவிடும். எங்காவது தளர்வு (பட்டறை மொழியில் 'பிளே') இருந்தால் ஒவ்வோர் அசைவும் அடுத்ததைத் தூண்டிவிடும். அமெரிக்கக் கார்களும் ஒரு காலத்தில் இதில் மாட்டித் தவித்தவைதான். 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்குத் தனித்தனி முன்சக்கரத் தொங்கலை (சஸ்பென்ஷன்) கொண்டுவந்ததற்கு இந்த உதறலும் ஒரு காரணம். 2020இல் வந்த மஹிந்திரா தாரிலும் தனித் தொங்கல்தான். அதில் ஸ்டியரிங் நடுங்கினால் தேட வேண்டிய இடங்கள் வேறு.

எல்லா நடுக்கமும் வாப்ளிங் அல்ல. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் லேசாக நடுங்கி, அதைத் தாண்டினால் மறைந்தால் அது வீல் பேலன்ஸ் பிரச்சினை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிரம்மையோ டிஸ்கையோ பாருங்கள். பள்ளமோ பாலத்து இணைப்போ தட்டியதும் கிளம்பி, வேகம் குறையும்வரை நிற்காமல் உதறுவதுதான் நாம் பேசும் நோய்.

சோதனையைச் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். நம் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்துவிட்டால் பேலன்ஸ் செய்த சக்கரமும் பேலன்ஸ் இழக்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் வயலுக்குள் போய்வரும் வண்டிகளில் இது சாதாரணம். உட்புறத்தைக் கழுவுங்கள். இரு முன் டயர்களிலும் காற்று சமமாக இருக்கட்டும். பிறகு முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். உதறலின் குணம் மாறினால் டயர் மீது சந்தேகம் வலுக்கிறது. ஆனால் டயர் பெரும்பாலும் தூண்டுகோல் மட்டும். தளர்வு வேறெங்கோ இருக்கும்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டட்டும் (பவர் ஸ்டியரிங் என்றால் இஞ்சின் ஓட வேண்டும்). மற்றவர் ஹேண்ட் பிரேக் போட்ட, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஒவ்வோர் இணைப்பின் மீதும் கைவைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்தும் அடுத்த பக்கம் தாமதமாக அசைந்தால் அந்த இணைப்பு தேய்ந்துவிட்டது. டை ராட் எண்டு (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரப் பக்கம் கடத்தும் கம்பி), பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளிவரும் கை) என வரிசையாகப் போங்கள். ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளை மறக்கவேண்டாம். அங்கே சேஸிஸிலேயே விரிசல் இருப்பதுண்டு, துரு மறைத்திருக்கும். ஜிம்னி போன்ற வண்டிகளில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் பேனார்டு ராடின் போல்ட் ஓட்டை முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சு) பேரிங். இந்த ஒரு சோதனை பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். பழைய ஜீப்பின் கிங்பின் பேரிங்கின் இறுக்கம் மேலும் கீழும் வைக்கும் ஷிம் (மெல்லிய தகடு) கணக்கில் இருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றி, ஷிம்மைக் கணக்கிடாமல் மூடினால் பணம் வீண்.

பட்டை ஸ்பிரிங்கில் யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் போல்ட்) தளர்வு, ஷாக்கில் (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தொங்கு தகடு) புஷ் தேய்மானம், சென்டர் போல்ட் முறிவு மூன்றையும் பாருங்கள். கடைசியாகக் கேஸ்டர் கோணம் (கிங்பின் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு). மஹிந்திரா ஜீப்பின் மூதாதையான வில்லிஸ் சிஜே-3பிக்கு இது 3 பாகை. வண்டியை உயர்த்த நீளமான ஷாக்கில் போட்டவர்கள் பலரும் இதைக் கெடுத்திருப்பார்கள். ஆப்பு வடிவத் தகட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே வைத்துத் திருத்தலாம். ஆனால் கோணம் கூடினாலும் உதறல் வரும் என்பதால் அளக்காமல் வைக்கக்கூடாது. உயர்த்துவது, பெரிய டயர் போடுவது எல்லாம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் கேள்விக்குள்ளாகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது ஸ்டியரிங் டேம்பர் (உதறலை விழுங்கும் சிறிய ஷாக் அப்சார்பர்). 2019இல் அமெரிக்காவில் புதிய ஜீப் ராங்ளர்கள் உதறியபோது நிறுவனம் மாற்றித் தந்தது டேம்பரைத்தான். அவை புத்தம் புது வண்டிகள். முப்பது வருட ஜீப்பில் நல்ல டேம்பர் போட்டால் சில மாதம் அமைதி கிடைக்கும். தேய்ந்த மூட்டு அந்தச் சில மாதமும் தேய்ந்துகொண்டே போகும். அது வலி மாத்திரை, வைத்தியம் அல்ல. அதைவிட மோசமானது ஸ்டியரிங் பாக்ஸின் அட்ஜஸ்டிங் திருகை இறுக்கி 'பிளே'யைப் போக்குவது. நடுவில் இறுகிப் பற்கள் சீக்கிரம் தேயும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. தேய்ந்த பால் ஜாயிண்டை வெல்டு வைத்து ஓட்டுவதைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. செய்யக்கூடாது.

தேய்ந்ததை மாற்றியபின் காட்டர் பின் எல்லாம் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பிறகு பேலன்ஸிங்கும் அலைன்மெண்டும். டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கிக் குவியும் அளவு) நூல் பிடித்துப் பார்ப்பதைவிட இயந்திரத்தில் அளப்பது நல்லது. ஆளில்லாத நேரத்தில், வெறும் சாலையில், வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பட்டைகள் பதிந்ததும் அவை தளர்வது வழக்கம்.